கே.எல்.ல கார் இல்லன்னா கால் இல்ல

நவம்பர் 8, 2024, வெள்ளி – சிப்பாங், சுபாங் ஜெயா

மலேசியால கோலாலம்பூர் போறேன் கோலாலம்பூர் போறேன்னு (கே.எல்.னு சுருக்கிச் சொல்றது அதத்தான்) ஊரெல்லாம் சொல்லிட்டு கெளம்புனேன், ஆனா நெசமா கோலாலம்பூர் எல்லைக்குள்ள இருந்த நேரம் ரொம்ப சொற்பம். ஏர்போர்ட் இருக்கறது சிப்பாங்ல, ஊருக்கு அம்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி. தங்குனது சுபாங் ஜெயால. சோறு தின்னது பெட்டாலிங் ஜெயா, பூச்சோங், கிள்ளான்னு தெசைக்கு ஒண்ணு. பேப்பர்ல எல்லாம் தனித்தனி ஊரு, ஆனா எது எங்க முடியுது எது எங்க ஆரம்பிக்குதுன்னு அங்கயே பொறந்து வளந்தவங்களும் போர்டப் பாத்துதான் சொல்றாங்க.

கூப்ட வந்தது பெரியப்பா மகன். எங்க தாத்தாவோட அண்ணன் வெள்ளக்காரன் காலத்துல மலாயாவுக்கு கப்பல் ஏறுனவரு, அந்த வழி சொந்தம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன்ல பேசிக்கறதோட சரி. இத்தன வருஷம் கழிச்சு நேர்ல பாத்ததும் அண்ணன் கேட்ட மொத கேள்வி, "தம்பி, பசியாறியாச்சா?" காலைல ஏழரை மணி, பிளைட்ல குடுத்த பன்னு வயித்துல எங்கயோ ஒரு மூலைல கெடக்கு. இல்லண்ணேன்னு சொன்னதும் "அப்ப காடில ஏறு"ன்னுட்டாரு. அங்க காருக்கு காடின்னுதான் பேச்சு.

ரோட்டோட ரெண்டு பக்கமும் செம்பனை (பாமாயில்) மரம், மைல் கணக்குல, பாத்துப் பாத்து தூக்கம் வந்துருச்சு. முழிச்சப்ப ஒரு மாமாக் கடை வாசல்ல நிக்கறோம். மாமாக் கடைன்னா தமிழ் முஸ்லிம் ஆளுங்க நடத்தற சாப்பாட்டுக் கடை, பாதிக்கு மேல இருவத்திநாலு மணி நேரமும் தொறந்தே கெடக்கு. கதவே கெடையாது, சொவரும் பேருக்குத்தான், ஃபேன் காத்துல பிளாஸ்டிக் நாற்காலி. ரொட்டி சானாய் (நம்மூர் பரோட்டா மாதிரி) போடற தம்பி ராமநாதபுரம் பக்கமாம், நான் வாயத் தொறந்ததுமே "அண்ணே நீங்க ஊர்லருந்தா?"ன்னு கண்டுபுடிச்சுட்டான். எப்பிடிடா தெரிஞ்சுதுன்னா, "இங்கத்தவங்க தண்ணி என்ன வேணும்னு கேட்டா யோசிக்க மாட்டாங்கண்ணே, டக்குனு சொல்லுவாங்க"ங்கறான். தண்ணின்னா அங்க குடிக்கற ஐட்டம் எல்லாமே, டீ காப்பி உள்பட.

பில்லு போடற விதம்தான் ஆச்சரியம். ஒருத்தர் வராரு, தட்டையும் கிளாசையும் ஒரு பார்வ பாக்கறாரு, உதடு மட்டும் அசையுது, துண்டுச் சீட்டுல கிறுக்கி வச்சுட்டு போயிட்டாரு. ரொட்டி சானாய் 1.80, முட்டை ரொட்டி 3.20, தே தாரேக் (இழுத்து ஆத்துன பால் டீ) 2.50, ரெண்டு பேருக்கும் சேத்து 13.60. நான் போன்ல கூட்டிப் பாத்தேன், சென் மாறாம சரியா இருந்துச்சு. ரிங்கிட்ட அங்க தமிழாளுங்க வெள்ளின்னுதான் சொல்றாங்க, நானும் அப்டியே எழுதறேன். ஒரு வெள்ளி அப்ப நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 19 ரூபா.

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பெட்ரோல் போட்டாரு. மஞ்ச கைப்பிடி போட்ட பைப்புல 95 ரக பெட்ரோல், லிட்டர் அப்ப 2.05 வெள்ளி. அதாவது 39 ரூபா! நம்மூர்ல நூத்துக்கு மேல. இந்த ஊரு ஏன் இப்பிடி பரந்து கெடக்குதுங்கறதுக்கு பாதி வெடை அந்த பங்க்குலயே கெடச்ச மாதிரி இருந்துச்சு.

நவம்பர் 9, சனி – பெட்டாலிங் ஜெயா

பகல் பூரா தூக்கம். சாயங்காலம் அண்ணன், அண்ணி, அவங்க பையன், நான் எல்லாரும் எஸ்எஸ் 2-க்கு சாப்டப் போனோம். ஏரியாவுக்கெல்லாம் இங்க நம்பர்தான் பேரு. எஸ்எஸ் 2, எஸ்எஸ் 15, யூஎஸ்ஜே 7ன்னு. மொதல்ல குழப்பமா இருந்துச்சு, போகப் போக பழகிருச்சு.

எல்டிபி (டாமன்சாரா-பூச்சோங் ஹைவே) ரோட்டுல டோல். 2.10 வெள்ளி. கார்ட காட்டுனா தடுப்பு தொறக்கணும், தொறக்கல. செவப்பு லைட்டு. அண்ணன் கார்ட சட்டைல தொடச்சுட்டு மறுபடி காட்டறாரு. மறுபடி செவப்பு. கார்டுல பேலன்ஸ் 1.40 தான் இருக்கு. கண்ணாடில ஒட்டிக்கற ஸ்டிக்கரும் இருந்துச்சாம், போன மாசம் கல்லு பட்டு கண்ணாடி மாத்துனதுல அது போச்சு. பின்னாடி எட்டு பத்து கார், ஹாரன் வேற ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணி கைப்பைய கவுத்து வேற கார்டு தேடறாங்க, பையன் சீட்டுக்கு அடில குனிஞ்சு தேடறான், எனக்கு வேர்த்துக் கொட்டுது, நான் என்னமோ காசு குடுக்கணும்ங்கற மாதிரி.

அப்பதான் பின்னாடி கார்லருந்து ஒரு சீனத்துக்காரரு எறங்கி வந்தாரு. அம்பத்தஞ்சு வயசிருக்கும், அரை டவுசர், ரப்பர் செருப்பு. சண்டைக்குத்தான் வராருன்னு நான் நெனச்சேன். ஒண்ணும் பேசல, தன் கார்ட நீட்டி மெஷின்ல காட்டுனாரு, தடுப்பு தொறந்துச்சு. அண்ணன் அவசரமா ரெண்டு வெள்ளி நோட்டு... இல்ல, ரெண்டு ஒத்த வெள்ளி நோட்ட நீட்டுனா "போ போ"ன்னு கையசைச்சுட்டு திரும்பிப் போயிட்டாரு. மூஞ்சில சிரிப்பும் இல்ல, கடுப்பும் இல்ல. தாண்டுன பத்தாவது செகண்டுல அதே ஆளு எங்கள இடது பக்கமா ஓவர்டேக் பண்ணி ஒரு வெட்டு வெட்டிப் போனாரு பாருங்க, அண்ணன் கெட்ட வார்த்தைல திட்டுனாரு. நன்றியும் திட்டும் ஒரே ஆளுக்கு, ஒரே நிமிஷத்துல.

எஸ்எஸ் 2-ல பார்க்கிங். நாலு சுத்து சுத்துனோம். கடைசில கெடச்ச எடத்துல விட்டுட்டு சாப்ட்டோம், தீயில வாட்டுன சாத்தே கோழிக் குச்சி ஒண்ணு 1.50, கூட வேர்க்கடலக் கொழம்பு, வெள்ளரிக்கா, அரிசிக் கட்டி. கருப்பா ஈரமா வறுத்த தட்டை நூடுல்ஸ் ஒரு தட்டு. திரும்பி வந்தா எங்க காருக்குப் பின்னாடி குறுக்க ஒரு வெள்ளக் கார் அடச்சு நிக்குது. அண்ணன் பதறவே இல்ல. கதவத் தொறந்து, ஒரு கால வெளிய வச்சபடி உக்காந்து, ஹாரன்ல கைய வச்சு அழுத்துனாரு. நீளமா ஒண்ணு. கேப்பு. நீளமா ஒண்ணு. தெருவுல ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, இது அங்க காக்கா கத்தற மாதிரி போல. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு பொண்ணு கைல நூடுல்ஸ் பொட்டலத்தோட ஓடி வந்து, "சாரி பாஸ் சாரி பாஸ்"னு காரெடுத்துச்சு. அண்ணனும் பரவால்லன்னு கையத் தூக்குனாரு. வண்டிய மறிச்சு நிறுத்திட்டு போறது தப்புன்னு யாரும் நெனச்ச மாதிரி தெரியல, ஹாரன் கேட்டா வந்து எடுக்கணும், அவ்ளோதான் சட்டம்.

நவம்பர் 10, ஞாயிறு – பிரிக்பீல்ட்ஸ்

பெரியம்மாவையும் கூட்டிட்டு வாழையிலை சாப்பாட்டுக்கு போனோம். எழுவத்திநாலு வயசு, காது கொஞ்சம் மந்தம், மத்தபடி கெட்டி. பிரிக்பீல்ட்ஸ் இப்ப அரசாங்கமே லிட்டில் இந்தியான்னு பேரு வச்ச ஏரியா, 2010-ல நம்ம மன்மோகன் சிங் வந்து தொறந்து வச்சாராம். தீபாவளி முடிஞ்சு பத்து நாளாச்சு, வளைவு அலங்காரமெல்லாம் இன்னும் கழட்டாம நிக்குது, பாட்டு மட்டும் நின்னுருச்சு.

சாப்பாடு பத்தி சொல்லணும்னா, நம்மூர் சாப்பாடுதான், ஆனா நம்மூர் சாப்பாடு இல்ல. எலைல சோறு, பொரிச்ச பாவக்கா மொறுமொறுன்னு, வெள்ளரிக்கா தயிர், கீரை, அப்பளம் கணக்கே இல்லாம, மோர் மொளகா. அப்புறம் வாளி வாளியா கொழம்பு வருது, பருப்பு, மீனு, கோழி, நண்டு. சைவச் சாப்பாடு சொன்னாலும் "மீன் கொழம்பு ஊத்தவா?"ன்னு கேக்கறாங்க, கொழம்புக்கு காசில்ல, மீனுக்குத்தான் காசு. எல 13 வெள்ளி, ஆட்டுக்கறி பெரட்டல் தனியா 14. கறி பிரமாதம், கருவேப்பில பட்ட வாசம் மேல தூக்கலா. ரசம் மட்டும் எனக்குப் புடிக்கல, புளி ஜாஸ்தி, மெளகு கம்மி. அண்ணன்கிட்ட சொன்னேன், மூஞ்சி மாறிருச்சு. ரசத்த குத்தம் சொல்லிருக்கக் கூடாதோ என்னமோ, ஆனா ரசம் ரசம்தான்.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவே. கே.எல்.லருந்து கிள்ளான் வரைக்கும் போற பழைய ரோடு. கே.எல். முடிஞ்சு பெட்டாலிங் ஜெயா ஆரம்பிக்கற எடத்துல ரோட்டுக்கு மேல பெரிய வெள்ள வளைவு, கோத்தா டாருல் எஹ்சான். 1974-ல சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூர மத்திய அரசுக்கு விட்டுக் குடுத்துச்சாம், அதுக்கு நெனவா கட்டுனது. அண்ணன் பையன் சொன்னான், பள்ளிக்கூடத்துல படிச்சானாம்.

சுபாங் ஜெயா கிட்ட வரும்போது பெரியம்மா பேச ஆரம்பிச்சாங்க. சுபாங் ஜெயா மொத்தமும் ஒரு காலத்துல சீஃபீல்டு எஸ்டேட், கித்தா (ரப்பர்) தோட்டம். 1976-ல வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. பெரியம்மா பொறந்தது அந்த தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வீட்டு வரிசை), பதினாலு வயசுல பால் வெட்டப் போனவங்க.

"அஞ்சு மணிக்கெல்லாம் பெரட்டுக்கு நிக்கணும்டா. பேர் கூப்டுவாங்க. அப்புறம் தலைல வெளக்கு கட்டிக்கிட்டு அவங்கவங்க நெரைக்கு போயிரணும். வெயில் வந்தா பாலு நின்னுரும்ல."

"மழ பேஞ்சா பெரியம்மா?"

"மழன்னா வேல இல்ல. வேல இல்லன்னா கூலி இல்ல. மரத்துல ஈரம் இருந்தா கப்புல தண்ணி எறங்கிரும்டா."

சிக்னல்ல காரு நின்னப்ப ஒரு ஷாப்பிங் மாலோட பார்க்கிங் பக்கம் வெரல நீட்டி "அங்கன ஒரு மேடு இருந்துச்சு, எங்க நெரை அதுக்குப் பின்னாடி. மேட்டையே காணோம்"னாங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் நடப்பீங்கன்னு கேட்டேன். "அத யாரு அளந்தா. மரம் மரமா போயிட்டு, மறுபடி பால் எடுக்க மரம் மரமா வரணும்." இப்ப அவங்க கோயிலுக்குப் போகணும்னா மகனுக்கு லீவு வரணும். கோயில் பக்கந்தான், நடுவுல ஹைவே.

நவம்பர் 11, திங்கள் – தொள்ளாயிரம் மீட்டர்

அண்ணனும் அண்ணியும் வேலைக்கு போயிட்டாங்க. எனக்கு ஒரு சார்ஜர் வயர் வாங்கணும். வீட்டு மாடிலருந்து பாத்தா மாலோட பேர்ப்பலகை தெரியுது, எழுத்துக்கூட்டி படிக்கற தூரம். மேப்புல 900 மீட்டர். பெரியம்மா "காடி இல்லாம எங்கடா போற"ன்னாங்க. நடந்துதான் பெரியம்மான்னேன். ஒரு பார்வ பாத்தாங்க.

தெரு முனைல கேட்டு, கேட்டுல நேபாளத்து செக்யூரிட்டி. நான் நடந்து வர்றதப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. காரு எங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச அரகொற ஹிந்தில நடந்து போறேன்னு சொன்னேன், சிரிச்சுட்டே தடுப்பத் தூக்கி விட்டாரு, காருக்கு தூக்கற அதே தடுப்ப. ஆளு போற தனி வழி அங்க இல்ல.

மொத எரநூறு மீட்டர் நல்ல நடபாத, ஓரத்துல பூச்செடிகூட இருக்கு. அப்புறம் அதுமேல கார் நிக்குது. அதச் சுத்தி எறங்கி ஏறுனா சாக்கட மூடி ஒண்ணு இருக்கு ஒண்ணு இல்ல. அதையும் தாண்டுனா நடபாத நின்னு போச்சு. வளஞ்சு போகல, குறுகல, நின்னுருச்சு, அதுக்கு அந்தப் பக்கம் புல்லுச் சரிவு, சரிவுக்குக் கீழ ஆறு லேன் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாலு. கண்ணாடிக் கதவு தானா தொறந்து மூடறதுகூட தெரியுது. உள்ள ஏசில நடந்து போற ஆளுங்க தெரியறாங்க. தாண்டறதுக்கு வழி மட்டும் தெரியல. சிக்னல் இல்ல, ஜீப்ரா கோடு இல்ல, மேம்பாலம் தூரத்துல புள்ளியா தெரியுது, அங்க போய் ஏறி எறங்கி இந்தப் பக்கமா திரும்பி வரணும்னா ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும். பதினோரு மணி வெயில், காத்துல அப்பிடியே ஈரம், சட்டை முதுகோட ஒட்டிருச்சு.

புல்லுல நின்னு யோசிச்சுட்டு இருக்கேன், ஒரு சின்ன நீலக் காரு ஓரமா நின்னு கண்ணாடி எறங்குச்சு. தலைல துண்டு கட்டுன மலாய் அம்மா. "பெர்கி மானா?" எங்க போறன்னு கேக்கறாங்கன்னு புரிஞ்சுது, மால கைகாட்டுனேன். அவங்க மாலப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, என்ன நெனச்சாங்களோ, பக்கத்து சீட்டுல இருந்த கீரக்கட்டு பைய எடுத்து பின்னாடி போட்டுட்டு "நாயிக், நாயிக்"னாங்க. ஏறுன்னு அர்த்தம்.

ஏறுனேன். எதிர்ல இருக்கற மாலுக்குப் போக அந்தக் காரு எங்கெங்கயோ போச்சு. நேரா போய், ஒரு ஃபிளையோவர் ஏறி, எறங்கி, யூ-டர்ன் அடிச்சு, பெட்ரோல் பங்க்க சுத்தி, மூணு கிலோமீட்டராவது இருக்கும். வழில இங்லீஷ்ல பேசுனாங்க. பையன் பெனாங்ல படிக்கறானாம், அவனும் இப்பிடித்தான் எங்கயாவது ரோட்டோரம் நிப்பான், யாராவது ஏத்திக்கட்டும்னுதான் நானும் ஏத்திக்கறேன்னாங்க. மால் வாசல்ல எறக்கிவிட்டு, போறப்ப மூணு வாழப்பழம் குடுத்தாங்க. சார்ஜர் வயர் 25 வெள்ளி. திரும்பி வர கிராப் (நம்மூர் ஓலா மாதிரி) வண்டி 6 வெள்ளி. கேட்டுல நேபாளத்து அண்ணன் காருக்குள்ள என்னப் பாத்துட்டு சல்யூட் அடிச்சாரு, அதுல கிண்டல் இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

சாயங்காலம் மறுபடியும் எஸ்எஸ் 2. திங்கக்கெழம அங்க பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை. ரோட்ட மறிச்சு கடை போட்டுட்டா அங்க மட்டும் எல்லாரும் நடக்கறாங்க, கொழந்தைங்க, வீல்சேர்ல பாட்டிங்க எல்லாரும். மூங்கில் குழாய்ல புட்டு, மேல நாட்டுச் சக்கரை, தேங்காப்பூ. இடியாப்பத்தையும் சக்கர தேங்காயோட புத்து மாயாம்னு விக்கறாங்க. நாலு நாள்ல மொத தடவயா காலு வலிச்சுது, நல்லா இருந்துச்சு.

நவம்பர் 12, செவ்வாய் – பத்துமலை

அண்ணன் அரைநாள் லீவு போட்டாரு. எல்டிபில வடக்க போய் கெப்போங் தாண்டி எம்ஆர்ஆர் 2-ங்கற ரிங் ரோட்டுல ஏறுனா முருகன் செலை தூரத்துலயே தங்கமா மின்னுது. 42.7 மீட்டர், 2006-ல வச்சது. அண்ணன் ஸ்டியரிங்ல இருந்து ஒரு கைய எடுத்து கன்னத்துல போட்டுக்கிட்டாரு, அதுல எடது லேன் மாற வேண்டிய எடத்த விட்டுட்டாரு. முருகன் பக்கவாட்டுல வந்தாரு, பின்னாடி போனாரு, கண்ணாடில சின்னதா தெரிஞ்சாரு. திரும்பி வந்து சேர இருவது நிமிஷம்.

272 படி. கலர் கலரா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, 2018-ல அடிச்சது. ஏறுறதப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் விடறேன். கொரங்கு என் தண்ணி பாட்டில் மூடிய திருகித் தொறந்து குடிச்சுச்சு, அத மட்டும் சொல்லிக்கறேன்.

மூணரைக்கு மேகம் கட்டிருச்சு. அங்க இந்த மாசத்துல மத்தியானத்துக்கு மேல தெனமும் மழதான், ஆனா நான் நம்மூர் மழ நெனப்புல இருந்தேன். மொத சொட்டு விழுந்து ஒரு நிமிஷத்துல முன்னாடி காரோட லைட்டு மட்டும்தான் தெரியுது. எல்லா வண்டியும் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டு ஊருது. மோட்டார்காரங்க, பைக்குக்கு அங்க மோட்டார்னு பேரு, ஃபிளையோவர் அடில ஒதுங்கி நிக்கறாங்க, அம்பது அறுவது பேரு, ஹைவேலயே ஒரு லேன் அவங்களுக்குன்னு ஆயிருச்சு. ஒருத்தர் முன்பக்கமா பின்பக்கத்த வச்சு ஜாக்கெட் மாட்டிருக்காரு, அங்க நெறைய பேரு வெயில்லயும் அப்பிடித்தான் போடறாங்க. சாப்பாடு கொண்டு போற தம்பி ஒருத்தன் பச்ச டப்பாவ தொறந்து அதுக்குள்ள தலைய விட்டு போன் பேசறான்.

தமிழ் ரேடியோல எந்தெந்த ரோட்டுல ஜேம்னு வாசிச்சுட்டே வராங்க, எல்லா ரோட்டு பேரும் வந்துருச்சுன்னு நெனக்கறேன். அண்ணன் அப்பதான் ஸ்மார்ட் டனல் பத்தி சொன்னாரு, ஊருக்கடில 9.7 கிலோமீட்டர் சொரங்கம், வெள்ளத் தண்ணி போறதுக்கு, நடுவுல கொஞ்ச தூரம் அதுக்குள்ளயே கார் ரோடு. 2007-லருந்து இருக்கு. பெருமழன்னா காரெல்லாம் வெளியேத்திட்டு ரோட்டையும் தண்ணிக்கு விட்டுருவாங்க. கேக்க நல்லாருக்கு, நாங்க நின்ன எடத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வீடு சேர ரெண்டரை மணி நேரம்.

நவம்பர் 13, புதன் – ரயில்ல

இன்னைக்கு யாரையும் தொந்தரவு பண்ணாம ரயில்ல போறேன்னேன். ஸ்டேஷனுக்கு அண்ணிதான் கார்ல கொண்டு விட்டாங்க, அதத் தவிர வழி இல்ல.

கிளானா ஜெயா லைன்ல டிரைவர் கெடையாது, மொத சீட்டுல உக்காந்தா கண்ணாடி வழியா தண்டவாளம் நம்மள நோக்கி வருது. கீழ ஹைவேல காரு அப்பிடியே நிக்குது. எனக்குப் பக்கத்துல ஒரு ஆறு வயசுப் பையன், ரெண்டு பேரும் வாயப் பொளந்துட்டுதான் வந்தோம், அவங்கம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரே மாதிரி பாத்து சிரிச்சாங்க.

மஸ்ஜித் ஜமேக்ல எறங்குனா அது வேற ஊரு. ரெண்டு ஆறு சேர்ற எடத்துல 1909-ல கட்டுன பள்ளிவாசல், பக்கத்துல நடக்கற தெரு, துணிக்கடை, பூக்கடை, ஜோசியக்காரர். தலைய நிமுத்துனா மெர்டேக்கா 118 கட்டடம், 679 மீட்டர், ஒலகத்துலயே ரெண்டாவது ஒசரம். நாசி கண்டார் கடைல வரிசைல நின்னேன். தட்டுல சோறு, கோழி, வெண்டக்கா, அப்புறம் கரண்டிக்கு ஒரு கொழம்பு, மீனு, மாடு, கோழி எல்லாக் கொழம்பும் மேலமேல. "பாஞ்சிர்"னு சொன்னா வெள்ளமா ஊத்துவாங்கன்னு அண்ணன் சொல்லிக் குடுத்திருந்தாரு. ஊத்துனாங்க. மாட்டுக் கொழம்பு மட்டும் வேணாம்னேன், கரண்டிய மாத்தி வேற எடுத்து ஊத்துனாரு அந்தப் பெரியவரு, கேக்காமயே. 14 வெள்ளி. எதிர்ல உக்காந்தவரு கையால தின்னாரு, நானும் கையால, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கல, ரெண்டு பேருக்கும் வேர்வ காது வழியா ஓடுது.

நவம்பர் 14, வியாழன் – கிள்ளான்

அண்ணனோட ஆபீஸ் சிநேகிதர், கிள்ளான்ல பொறந்த சீனர், விருந்துக்கு கூப்ட்டாரு. ஆறு மணிக்கு ஃபெடரல் ஹைவேல ஏறுனோம். டோல் 2018-லயே எடுத்துட்டாங்க, அதனால கூட்டம் ஜாஸ்தியாயிருச்சுன்னு அண்ணன் சொல்றாரு, டோல் இருந்தப்பவும் இதேதான்னு அண்ணி சொல்றாங்க. மோட்டாருக்குன்னு தனி லேன் ஓரமா போகுது, அதுல அவங்க பறக்கறாங்க. ஷா ஆலம் நீல மசூதி கோபுரம் எடது பக்கமா வலது பக்கமான்னு ரொம்ப நேரம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அவ்ளோ மெதுவா போனோம்.

பக்குத்தே. பன்னி எலும்பும் சீன மூலிகையும் மண்சட்டில கொதிக்கற சாறு. கிள்ளான்தான் இதுக்கு தாய்வீடுன்னு அங்க சொல்றாங்க, 2024 பிப்ரவரில நாட்டோட பாரம்பரிய உணவுன்னு அறிவிச்சாங்க. நான் தின்னேன். சாறு நம்மூர் மருந்துக் கொழம்புக்கு தூரத்துச் சொந்தம், கறி எலும்புலருந்து தானா கழண்டு வருது. அண்ணி தின்னல, அவங்களுக்காக அந்த சிநேகிதரு கேக்காமயே பக்கத்துக் கடைலருந்து மீன் வாங்கி வச்சிருந்தாரு. பில்லுக்கு அண்ணனும் அவரும் கல்லாப்பொட்டி முன்னாடி கைய புடிச்சு இழுத்து சண்ட போட்டாங்க, அவரு எப்பவோ வந்தவொடனயே காசு குடுத்துட்டாருன்னு கல்லால இருந்த அம்மா சொல்லித்தான் அடங்குச்சு.

ராத்திரி பதினொண்ணரை. வீட்டுக்குப் போறோம்னு நெனச்சேன். "ஒரு தே குடிச்சுட்டு போவோம் தம்பி"ன்னு மாமாக் கடைல நிறுத்திட்டாரு. பெரிய ஸ்கிரீன்ல பழைய ஃபுட்பால் மேட்ச் ஓடுது, மலாய் பசங்க ஒரு டேபிள், சீனப் பொண்ணுங்க ஒரு டேபிள், ஒரு சீக்கியக் குடும்பம் கொழந்தைய நாற்காலில தூங்க வச்சுட்டு பேசுது. மறுநாள் வேல நாளு. யாருக்கும் அது கவலையா தெரியல. பேச்சு எல்லாம் வீட்டுல இல்ல, இங்கதான் நடக்குது. அண்ணன் அவரோட அப்பா செத்துப்போன நாளப் பத்தி எங்கிட்ட சொன்னதே அந்த டேபிள்லதான், நடுவுல மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) வந்து, வாங்கி வச்சுட்டு மறுபடி தொடர்ந்தாரு.

நவம்பர் 15, வெள்ளி – கெளம்பறது

பெரியம்மா நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ, சம்பால் (மொளகாத் தொக்கு) பாட்டில் நாலு, அண்ணி காயா (தேங்காப்பால், முட்டை போட்ட) ஜாம், பிஸ்கட் டின்னு. பெட்டிய தூக்கிப் பாத்தா மூணு கிலோ மேல. சம்பால் ரெண்டு பாட்டில எடுத்து வெளிய வச்சேன், பெரியம்மா பாக்காதப்ப. அவங்க பாத்துட்டாங்க, என் கைப்பைக்குள்ள திருப்பி வச்சுட்டாங்க, ஏர்போர்ட் செக்கிங்ல அது போச்சு.

ஏர்போர்ட் வாசல்ல நிறுத்தி பெட்டி எறக்கறதுக்குள்ள விசிலு. சட்டைக்கு மேல பச்ச ஜாக்கெட் போட்டவரு "ஜாலான், ஜாலான்"னு வெரட்டறாரு. அண்ணன் என் தோள்ல கை வச்சாரு, என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, பின்னாடி வேன்காரன் ஹாரன் அடிச்சான், "சரி தம்பி, போயிட்டு போன் போடு"ன்னு ஏறிட்டாரு. இத்தனை நாள் உபசாரத்துக்கு அதுதான் வழியனுப்பு, முக்கா நிமிஷம் இருக்குமா.

செக்கிங் முடிஞ்சு கேட்டுல உக்காந்தப்ப மெசேஜ். ஒரு போட்டோ, வாழையிலைல நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு), முட்டை, கருவாடு. கீழ எழுதிருக்காரு: "பூச்சோங் ஜேம். பசியாறிட்டு இருக்கேன்."